செருப்பைக் கழட்டச் சொன்னது யாரு?

முன்குறிப்பு: சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சு கடுப்புல முடியப் போற பதிவு. பொறுத்துக்குங்க மக்களே.

போன ஐப்பசியில பெங்களூர்லேருந்து ரெண்டு நண்பர்கள் ஊருக்கு வந்திருந்தாங்க. ஊர்னா திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரை. சித்தப்பாவோட பத்து மா நிலத்துல சம்பா நட்டு ஒரு மாசம் ஆகியிருந்தது. எங்க பார்த்தாலும் பச்சை. "வயல்ல ஒரு ட்ரெக் போலாம் மச்சி"ன்னாங்க. சரின்னேன். விதி.

நண்பர் நம்பர் ஒன்னு, வாரக்கடைசி மலையேறி. கணுக்காலை மூடுற ட்ரெக்கிங் ஷூ, எட்டாயிரம் ரூபாயாம், தண்ணியே உள்ள போகாதாம். நம்ம வண்டல் சேத்தைப் பத்தி அந்தக் கம்பெனிக்காரனுக்கு யாரும் சொல்லலை போல. பத்தடி நடந்ததும் அடியில இருக்கற பல்லெல்லாம் சேறு அடைச்சு வழவழன்னு ஆயிடுச்சு. ஒரு அடி அகல வரப்பு. சர்ர்ர்... ஆளு வாய்க்கால்ல! மேல்பக்கமா தண்ணி புகுந்துடுச்சு. வெளித்தண்ணி உள்ள வராதுன்னா, உள்ள போன தண்ணி வெளியவும் வராதுன்னுதானே அர்த்தம்? இந்த எட்ஜ் கேஸை எவனும் டெஸ்ட் பண்ணலை :-)

நண்பர் நம்பர் ரெண்டு, வெறுங்கால் கட்சி. "நம்ம முன்னோர் எல்லாம் செருப்பில்லாமத்தான் நடந்தாங்க. மண்ணோட தொடர்பு. அதான் பாரம்பரியம்"னு வழியெல்லாம் லெக்சர். கருவேல முள்ளு குதிகால்ல ஏறினதும் லெக்சர் நின்னுச்சு.

களை பறிச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதுல ஒரு அக்கா கேட்டாங்க: "ஏன் தம்பி, காசு இருக்கறவங்களும் செருப்பில்லாம நடப்பாங்களா?"

எனக்கு சிரிப்பு நின்னுபோச்சு. காரணம் இருக்கு.

நான் மூணாங்கிளாஸ் படிச்சப்ப எங்க வீட்டு வயல்ல வேலை பார்த்த ஒருத்தர் இருந்தாரு. அவர்கிட்ட செருப்பு இருந்தது. எங்க தெருமுனையில ஒரு புங்கமரம், அதுக்கடியில கழட்டிப் போட்டுட்டுத்தான் தெருவுக்குள்ள வருவாரு. யாரும் வாய்விட்டு சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கலை. ஒரு மழை ராத்திரி, மடையைப் பார்த்துட்டு வரச்சொல்லி தாத்தா ஆள் அனுப்பினாரு. வந்தவர் புங்கமரத்தடியில செருப்பை விட்டுட்டு, வீட்ல டார்ச்சை வாங்கிக்கிட்டு, கொல்லைப்பக்கமா அப்படியே வயலுக்கு இறங்கிட்டாரு. கண்ணாடி விரியன். வலது கால். ஆஸ்பத்திரியில நாள்கணக்கா கிடந்து உயிர் பிழைச்சாரு. ரெண்டு விரல் போச்சு. கடைசி வரைக்கும் காலை இழுத்துக்கிட்டுத்தான் நடந்தாரு.

எங்க வீட்ல அதுக்கு "அவன் நேரம்"னு பேரு வச்சாங்க. நேரமா அது? அந்த செருப்பு புங்கமரத்தடியில சும்மா கிடந்துச்சே!

அதனால வெறுங்கால் பாரம்பரியம்னு யாராவது ஆரம்பிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அது யாரோட பாரம்பரியம்? போடாமலிருக்கறது ஒருத்தனுக்கு விருப்பம், இன்னொருத்தனுக்குக் கட்டளை. ரெண்டும் ஒன்னாகாது. பழைய கதைன்னு தள்ளிடவும் முடியாது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கத்துல ராஜாவூர்ல, ஒரு தெருவுக்குள்ள தலித் மக்கள் அறுபது பேர் முதல்முறையா செருப்புக் காலோட நடந்தது 2023 டிசம்பர்ல. நிலாவுல சந்திரயான் இறங்கினதும் அதே வருஷம்தான்.

கணக்கும் பார்ப்போம். 2000லேருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு 2020ல வந்த ஆய்வு மதிப்பிடுது. வருஷத்துக்கு சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. கடி அதிகமா விழுறது பாதத்துலயும் கணுக்கால் பக்கத்துலயும். பாம்பை விடுங்க, வெறுங்கால் வழியாத்தான் கொக்கிப்புழு தோலைத் துளைச்சு ஏறி ரத்தத்தை உறிஞ்சுது. கால்ல சின்ன வெட்டு இருந்தாப் போதும், எலி மூத்திரம் கலந்த தண்ணியிலேருந்து எலிக்காய்ச்சல் கிருமி உள்ள போயிடும்.

"சேத்துல எந்தச் செருப்புய்யா நிக்கும்?"னு கேட்பீங்க. நியாயம். நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்கினா சேறு செருப்பைப் பிடுங்கிக்கும், வெறுங்கால்தான் வழி. ஆனா விவசாயம் முழுக்க சேத்துக்குள்ளயா நடக்குது? வரப்புல எலி வளை, அதைத் தேடி வர்ற பாம்பு, அறுப்பு முடிஞ்சா ஊசியா நிக்கிற தாள், வைக்கோல் போர், ராத்திரி மடை. அங்கெல்லாம் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், ஒரு டார்ச், தட்டிக்கிட்டுப் போக ஒரு கம்பு போதும். நண்பரோட ஒத்தை ஷூ விலையில நாலஞ்சு பேருக்கு பூட்ஸ் வாங்கலாம்.

அரசு செய்யாம இல்லை. பாம்புக்கடி மரணத்தை 2030க்குள்ள பாதியாக்க 2024 மார்ச்சுல மத்திய அரசு செயல்திட்டம் வெளியிட்டுச்சு. அதே வருஷம் நவம்பர்ல, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்கணும்னு தமிழ்நாடு அறிவிச்சது. நல்லது. ஆனா கடிச்சப்புறம் எண்ணுறதைவிட கடிக்காம தடுக்கறது மேல் இல்லையா? பீடி இலை பறிக்கக் காட்டுக்குள்ள போறவங்களுக்கு சத்தீஸ்கர்ல 'சரண் பாதுகா'ன்னு அரசே காலணி கொடுத்த திட்டம் உண்டு. நம்ம பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு விலையில்லா காலணி தர்றோம். அந்தப் பிள்ளையோட அம்மா வயலுக்குப் போறப்ப மட்டும் கால் இரும்பா?

அரசை மட்டும் திட்டிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. அதனால சித்தப்பாகிட்ட சொன்னேன்: "ராத்திரி மடைக்கு ஆள் அனுப்பினா பூட்ஸும் டார்ச்சும் நம்ம செலவு."

"அவங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லடா."

"பழக்கமில்லையா சித்தப்பா, பழக விடலையா?"

பதில் வரலை. அடுத்த வாரம் போன் பண்ணினாரு, பூட்ஸ் வாங்கிட்டாராம். ஒரு ஜோடி. அவர் காலுக்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப மூணு ஜோடி நானே தூக்கிட்டுப் போறேன். தெருமுனையில நிறுத்தாம வீட்டு வாசல் வரைக்கும் அவங்க போட்டுக்கிட்டே வரட்டும். சண்டை வரும். வரட்டும்.