பச்சையெல்லாம் களையல்ல

ஏரியைச் சுத்தம் செய்ய ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் இறங்குவது நல்ல விஷயம்தான். ஆனால் கரையில் குவிகிற பச்சையைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மேலே மிதந்த ஆகாயத்தாமரையோடு, அடியில் வேர்பிடித்திருந்த வேலம்பாசியும் சேர்ந்து வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். முதலாவது தென் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது இந்த ஏரியின் பழைய குடி.

பெயர்தான் பாசி, வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள செடி அது. பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து, சோதனைக்குழாயில் குமிழி ஏறுவதைக் காட்டினார்களே, அந்த ஹைட்ரில்லாதான். அடையாளம் காண ஒரு தண்டை எடுத்தாலே போதும். கணுவுக்குக் கணு நாலைந்து சிறு இலைகள், சில சமயம் எட்டு வரை, வட்டமாகச் சுற்றி நிற்கும். இலை விளிம்பில் ரம்பப் பல் இருக்கும். விரலிடுக்கில் வைத்து இழுத்தால் சொரசொரக்கும். இலைகள் கவைகவையாகப் பிரிந்து, வேரே இல்லாமல் இருந்தால் அது வேறு செடி. சுண்ணாம்பு படிந்து நொறுங்கி, கசக்கினால் பூண்டு வாடை வீசுவது காரா. அதுதான் உண்மையான பாசி. வேலம்பாசியின் ஆண் பூ தண்டிலிருந்து கழன்று நீர்மட்டத்துக்கு வந்து வெடித்து மகரந்தம் தூவும். பொறுமையுள்ளவர்கள் பார்க்கலாம்.

ஆகாயத்தாமரை தன் ஆக்சிஜனைக் காற்றில் விடுகிறது, வெயிலையும் மறைத்துவிடுகிறது. வேலம்பாசி விடுவது தண்ணீருக்குள்ளேயே. மீன்குஞ்சு ஒளிவது இதற்குள்தான், நத்தை ஒட்டுவதும் இதில்தான். நாமக்கோழிக்கு இதுவே சாப்பாடு. சாக்கடை கலந்த ஏரியில் இது அளவு மீறும். அப்போது இரவில் செடியே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, விடிகாலையில் மீன் செத்து மிதக்கும். அந்தப் பழி சாக்கடைக்குத்தான் சேர வேண்டும்.

இதே செடி 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக புளோரிடாவுக்குப் போனது. அனுப்பிய இடம் இலங்கை என்கிறார்கள். அங்கே இதை மட்டுப்படுத்தும் பூச்சிகள் இல்லை. வாய்க்கால், ஏரி எல்லாம் அடைத்துக்கொண்டது. கதை அதோடு நிற்கவில்லை. 1994இல் ஆர்கன்சாஸில் வெண்தலைக் கழுகுகள் தள்ளாடிச் செத்தன. காரணம் தெளிவாகத் தெரிந்தது 2021இல்: ஹைட்ரில்லா இலைமேல் வளரும் ஒரு நீலப்பச்சைப்பாசி புரோமின் சேர்ந்த நஞ்சைச் சுரக்கிறது, அந்த இலையை நாமக்கோழி தின்கிறது, நாமக்கோழியைக் கழுகு தின்கிறது. செடியைக் கொல்லத் தெளித்த களைக்கொல்லியிலிருந்தும் அந்தப் புரோமின் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

நம் ஏரிக்குக் களைக்கொல்லியும் வேண்டாம், அடிமட்டம்வரை வழித்தெடுக்கும் பொக்லைனும் வேண்டாம். ஆகாயத்தாமரையை வேரோடு முழுதாக எடுங்கள். வேலம்பாசியை மதகு வாயிலும் படகு போகும் தடத்திலும் மட்டும் அறுத்தால் போதும். மீதி அப்படியே கிடக்கட்டும். அறுத்த துண்டுகளை மட்டும் தண்ணீரில் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கணுவும் முளைக்கும்.