ஒளியை அளந்துவிட்டு அழுத்தம் என்று எழுதலாமா?

கைக்கடிகாரத்தின் அடியில் பச்சை ஒளி மினுங்குகிறது. சில நொடிகளில் திரையில் 122/79 என்ற எண்கள் தோன்றுகின்றன. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் நிம்மதியடைகிறார். அந்த நிம்மதிக்கு இயற்பியலில் ஆதாரம் உண்டா?

ஒளி டையோடு செய்வது ஒரே வேலைதான். பின்னோக்குச் சார்பிலுள்ள குறைகடத்திச் சந்தியில் ஒளி விழுந்தால் எலக்ட்ரான்-துளை இணைகள் பிறக்கின்றன. ஒளியின் செறிவுக்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் பாய்கிறது. அம்மின்னோட்டம் தெரிவிப்பது, தோலுக்கடியில் குருதியின் கன அளவு துடிப்புக்குத் துடிப்பு எப்படி மாறுகிறது என்பதை மட்டுமே. கன அளவிலிருந்து அழுத்தத்தைக் கணிக்க வேண்டுமானால் குழாய்ச் சுவரின் விறைப்பு தெரிந்திருக்க வேண்டும். டையோடு அதை அறியாது. குளிரில் குழாய்கள் சுருங்கினாலும் பட்டையை இறுக்கிக் கட்டினாலும் சமிக்ஞை மாறிவிடும். மணிக்கட்டை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. தாழ்த்தினாலே அங்குள்ள அழுத்தம் ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசம் உயர்ந்துவிடும்.

இவ்விடைவெளியை நிரப்பவே 'அளவுத்திருத்தம்' வருகிறது. புயத்தில் காற்றுப்பட்டை கட்டி ஒருமுறை அளந்த எண்ணைக் கருவியிடம் கொடுக்கிறார்கள். ஏமாற்று தொடங்கும் இடமும் இதுவே. அமர்ந்திருப்பவரின் அழுத்தம் சில நிமிடங்களில் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே, கொடுத்த எண்ணையே திருப்பிச் சொல்லும் கருவிகூட, சராசரிப் பிழை 5, திட்ட விலக்கம் 8 மி.மீ. பாதரசம் என்ற வரம்புகளுக்குள் எளிதில் நின்றுவிடும். அதைத் 'துல்லியம்' என்று ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகின்றன.

ஆழ்கற்றல் இதைத் தீர்த்துவிட்டது என்பார்கள். அக்கட்டுரைகளில் பல, பாஸ்டன் நகர மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பதிவுகளான 'மிமிக்' தரவுத் தொகுப்பை நம்புகின்றன. ஒரே நோயாளியின் பதிவுகள் பயிற்சித் தொகுதியிலும் சோதனைத் தொகுதியிலும் கலந்துவிட்டால், மாதிரி கற்றுக்கொள்வது அந்த ஆளைத்தான், அழுத்தத்தை அன்று. படுக்கையிலுள்ள நோயாளியிடம் கற்றதை நடமாடும் மனிதரின் மணிக்கட்டுக்குப் பொருத்துவது வேறொரு தாவல்.

இதற்கு விலை கொடுப்பவர் நோயாளி. 61 ஆய்வுகளிலிருந்து பத்து லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2002-இல் 'லான்செட்' வெளியிட்ட பகுப்பாய்வின்படி, 40 முதல் 69 வயது வரையிலானோரில் சிஸ்டாலிக் அழுத்தம் 20 மி.மீ. கூடுதலாக இருந்தால் இதயத் தமனி நோயால் நிகழும் இறப்பு இரு மடங்காகிறது. பக்கவாத இறப்பு அதற்கும் மேல். 150-ஐ 130 என்று காட்டும் கடிகாரம் மறைப்பது இந்த இரு மடங்கைத்தான். மேலும், உயர் அழுத்தமுள்ளவர்களின் தமனிகள் விறைத்தவை. அம்லோடிபின் போன்ற மருந்துகள் குழாய்களை விரிப்பவை. ஆகவே மருந்துக்கு முன் செய்த அளவுத்திருத்தம் மருந்துக்குப் பின் செல்லுபடியாகும் என்பதற்கு உறுதியில்லை. யாருக்கு அளவீடு மிகத் தேவையோ, அவரிடமே அது மிகவும் தடுமாறுகிறது.

காற்றுப்பட்டையும் பிழை செய்யும் என்பது உண்மையே. பட்டையின் அகலம் பொருந்தாவிட்டாலும் அளக்கும்போது பேசினாலும் எண் மாறும். ஆனால் அது அழுத்தத்தை அழுத்தத்தால் அளக்கிறது. அதன் பிழைகளின் காரணங்கள் தெரியும், திருத்தவும் முடியும். கடிகாரத்துக்கும் பயனுண்டு: நாடியின் ஒழுங்கின்மை ஒளிச் சமிக்ஞையிலேயே நேரடியாக இருப்பதால் அதைக் கண்டறிவது நியாயமான பணி. அழுத்தத்துக்கு அந்த உரிமை இன்னும் கிட்டவில்லை.

வழி தெரியாமலும் இல்லை. காற்றுப்பட்டையற்ற கருவிகளுக்கு ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2023-இல் ஆறு சோதனைகளை முன்வைத்தது: ஓய்வு நிலை, கருவியின் உயர நிலை, மருந்துச் சிகிச்சை, விழிப்பும் உறக்கமும், உடற்பயிற்சி, மறு அளவுத்திருத்தம். இவற்றுள் முதலாவதை மட்டும் செய்துவிட்டு முனைவர் பட்டம் கேட்பது ஆய்வாகாது.

எனவே வாய்மொழித் தேர்வில் வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்கட்டும்: "முதல் அளவீட்டையே திருப்பிச் சொல்வதைவிட உங்கள் மாதிரி எவ்வளவு மேலானது?" விடையில்லாத ஆய்வேடு திருப்பி அனுப்பப்படட்டும். டையோடு பொய் சொல்வதில்லை. அது ஒளியைத்தான் அளந்தேன் என்கிறது. அதை அழுத்தம் என்று எழுதியவர்கள்தாம் விடை சொல்ல வேண்டும்.