எருவிட்டவனுக்கு என்ன உரிமை?

சாணத்தைப் புனிதமென்று வணங்குவார் ஒருபுறம். இழிவென்று ஒதுக்குவார் மறுபுறம். இருவரும் மண்ணைக் கேட்டாரில்லை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில், வாற்கோதுமை வயலின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் ஆண்டுதோறும் தொழுவுரம் இட்டனர். நூறாண்டு கடந்தும், எருவே காணாத பகுதியைவிட அதில் மட்கு மிகுந்திருந்தது. வெப்பம் மிகுந்த மலாக்காவிலோ மட்கு விரைந்து அழியும். ஓயாது இட்டால்தான் மண் இளகி நீரைப் பிடிக்கும்.

சுங்கை ஊடாங் தோழர்களே! தோட்ட லயத்தின் பின்னே மாட்டெரு சுமந்து கொட்டிக் காய்கறிக் கொல்லை கண்டவன் யார்? தோட்டம் கைமாறிய நாளில் வெளியேறியவன் யார்? அவன் சேர்த்த வளம் மண்ணிலே தங்கிற்று. மண்ணோ முதலாளியிடம் தங்கிற்று. இதற்குத் தலைவிதி என்று பெயரிடுவது அறிவீனம். மண்ணை வளர்த்தவனுக்கு மண்ணில் பங்கு வேண்டுமென்று கேளுங்கள்!