பழைய கார்டுக்கும் ஒரு மேசை வேண்டும்

2025 ஏப்ரல் 11ஆம் தேதி, போகிமோன் கார்டு விளையாட்டின் அதிகாரப்பூர்வப் போட்டிகளிலிருந்து ஓர் எழுத்து விடைபெற்றது. கார்டின் இடது கீழ் மூலையில், உற்றுப் பார்த்தால் மட்டுமே கண்ணில் படும் சிறு கட்டத்துக்குள் அச்சாகியிருக்கும் 'எஃப்' அது. ஆர்சியஸ் விஸ்டார், கிராட்டினா விஸ்டார், லூகியா விஸ்டார் என்று போட்டி மேசைகளில் கோலோச்சிய கார்டுகள் அந்த எழுத்தைச் சுமந்தவை. முந்தைய நாள் வரை அவற்றை நம்பி ஆட்டத்தில் உட்கார்ந்தவர்கள், அன்று முதல் அவற்றை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டியதாயிற்று.

ஆட்டக்காரர்கள் ரொட்டேஷன் என்று சொல்லும் இந்தச் சுழற்சி விதி ஆண்டு தவறாமல் வருகிறது. 2023 ஏப்ரலில் 'டி' போனது. 2024 ஏப்ரலில் 'இ' போனது. 'எஃப்'புக்குப் பிறகு, 2026 ஏப்ரலில் 'ஜி'யின் முறை. ஸ்டாண்டர்ட் எனப்படும் முதன்மைப் போட்டிப் பிரிவில் அண்மைய சில எழுத்துகளுக்கு மட்டுமே இடம் உண்டு. அடிப்படைச் சக்தி கார்டுகளுக்கு இந்தத் தடை இல்லை. அல்ட்ரா பால், ரேர் கேண்டி போல அடிக்கடி மறுபதிப்பாகும் உதவி கார்டுகளும் தப்பித்துக்கொள்ளும். புதிய எழுத்தோடு மீண்டும் அச்சாகிவிட்டால், அதே பெயரும் அதே பயனும் உள்ள பழைய கார்டையும் பயன்படுத்தலாம். மற்றவை பெட்டிக்குள் போக வேண்டியதுதான்.

ஒரே எழுத்துக்குள்ளும் எல்லாக் கார்டுக்கும் ஒரே ஆயுள் கிடைப்பதில்லை. 2022 பிப்ரவரியில் வந்த பிரில்லியன்ட் ஸ்டார்ஸ் தொகுப்பும் 2023 ஜனவரியில் வந்த கிரவுன் செனித் தொகுப்பும் 'எஃப்' எழுத்துக்காரர்கள். முன்னதை வாங்கியவருக்குப் போட்டியில் மூன்றாண்டுக்கு மேல் பயன் கிடைத்தது. பின்னதை வாங்கியவருக்கு இரண்டேகால் ஆண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. பாக்கெட்டை வாங்கும் ஆளுக்கு இந்தக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மலாக்காவில் இந்தக் கணக்கு வேறு விதமாகக் கனக்கிறது. மெர்லிமாவிலும் ஜாசினிலும் டுரியான் துங்காலிலும் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், விளையாட்டுச் சாமான் என்பது பெரும்பாலும் கைமாறி வருவது. அண்ணன் படிவம் ஐந்து முடித்து வேலைக்கோ கல்லூரிக்கோ போகும்போது, அவனுடைய கார்டுகள் ரப்பர் பேண்டு போட்ட கட்டாகத் தம்பிக்கோ சித்தி மகனுக்கோ வந்து சேரும். தீபாவளி அங்பாவ் பணத்தில் நான்கைந்து பாக்கெட் வாங்கி அந்தக் கட்டை மெல்ல மெல்லப் பெருக்குவார்கள். ஒரு பாக்கெட்டின் விலையில் ஒருவர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம். போட்டிக்கு ஏற்ற அறுபது கார்டு டெக் ஒன்றைத் தனித்தனிக் கார்டாகத் தேடி வாங்கினால் இருநூறு, முந்நூறு ரிங்கிட் எளிதில் கரைந்துவிடும். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் நடக்கும் வீட்டில், இது ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரக்கூடிய செலவு அல்ல.

பூப்பந்து மட்டையை நினைத்துப் பார்க்கலாம். ஐந்து ஆண்டுக்கு முன் வாங்கிய மட்டையோடு மண்டபத்துக்குப் போனால், இந்த ஆண்டு இது செல்லாது என்று யாரும் தடுப்பதில்லை. நரம்பு தளர்ந்திருந்தால் மாற்றிக்கொண்டு ஆடலாம். கார்டு விளையாட்டில் மட்டும், பொருளுக்கு ஒரு குறையும் இல்லாதபோதே அதன் ஆட்ட உரிமை காலாவதியாகிறது.

ஆனாலும் இந்த விதி பேராசையில் மட்டும் பிறந்தது என்று சொல்வது நியாயமாகாது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த மேஜிக்: தி கேதரிங் 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. சேகரித்து ஆடும் நவீன கார்டு விளையாட்டுகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது. முதல் அச்சுகள் மளமளவென்று விற்றுத் தீர்ந்தன. ஒன்றரை ஆண்டுக்குள்ளேயே ஒரு சிக்கல் தலைதூக்கியது. பிளாக் லோட்டஸ் போன்ற தொடக்கக்கால கார்டுகளை வைத்திருந்தவர்களோடு, புதிதாக வந்தவர்கள் சமமாக ஆட வழியில்லை. காசு கொடுத்தாலும் அந்தக் கார்டுகள் கிடைக்கவில்லை. அதனால் 1995இல், அண்மைய தொகுப்புகளை மட்டும் கொண்டு ஆடும் 'டைப் 2' என்ற பிரிவு உருவானது. இன்றைய ஸ்டாண்டர்டின் முன்னோடி அது. ஆக, புதிதாக வருபவனுக்குக் கதவு திறப்பதற்காக வந்த விதி இது. இதை எதிர்ப்பவர்கள் இந்த வரலாற்றை ஒதுக்கிவிடக் கூடாது.

சுழற்சியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யூ-கி-ஓ பக்கத்திலேயே இருக்கிறது. 1999இல் ஜப்பானில் தொடங்கிய அந்த விளையாட்டில் எழுத்தும் கிடையாது, காலாவதியும் கிடையாது. பதிலாக, தடைப் பட்டியல் ஒன்று அவ்வப்போது புதுப்பிக்கப்படும். சில கார்டுகளை ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம், சிலவற்றை அறவே வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய கார்டுகளில் பெரும்பாலானவற்றை விதிப்படி இன்றும் ஆடலாம். ஆனால் இன்றைய டெக்கின் எதிரே அவை இரண்டு சுற்றுகூடத் தாங்காது. இருபது ஆண்டுக்கு முன் டார்க் மேஜிஷியனை வைத்து வென்றவர் இன்று அதே பழைய கட்டோடு போட்டிக்குப் போனால், உள்ளே விடுவார்கள். உட்கார்ந்த வேகத்தில் தோற்று எழுந்திருப்பார்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? பெரிய போட்டிக்காக எழுதப்பட்ட விதி, சின்ன ஊரின் ஒரே மேசைக்கும் விதியாகிவிடுவதில் இருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் கார்டு கடைகள் நிறைய. ஒரு கடையில் ஸ்டாண்டர்ட் நடந்தால் இன்னொன்றில் வேறொன்று நடக்கும். பிடித்த மேசையைத் தேடிப் போகலாம். மலாக்கா மாநிலத்தில் அந்த வசதி இல்லை. கடைகள் இருப்பது பெரும்பாலும் நகரத்தில். மஸ்ஜித் தானாவிலிருந்தோ ஜாசினிலிருந்தோ வரும் பையன், பேருந்திலோ அப்பாவின் மோட்டார் சைக்கிளிலோ வார இறுதியில்தான் வர முடியும். வரும் நாளில் ஒரு லீக் ஆட்டம்தான் நடக்கும். அது ஸ்டாண்டர்டாக இருந்து, அவன் கையில் இருப்பது அண்ணன் கொடுத்த 'இ', 'எஃப்' கட்டாக இருந்தால், அவ்வளவு தூரம் வந்ததற்கு அவனுக்குக் கிடைப்பது வேடிக்கை பார்க்கும் இடம். கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது; அவர் வெளியிலிருந்து வந்த விதியைப் பின்பற்றுகிறார். ஆனால் அந்தப் பையன் அடுத்த வாரம் வர மாட்டான். அவனோடு பள்ளியில் கார்டு மாற்றிக்கொள்ளும் மூன்று நண்பர்களும் வர மாட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் புது ஆட்டக்காரர்கள் வரவில்லையே என்று கடைக்காரர் வருந்தும்போது காரணம் எதுவென்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆட்டக்காரர்களின் குரலுக்கு நிறுவனங்கள் செவி சாய்த்த வரலாறும் உண்டு. மேஜிக்கை நடத்தும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2014இல், ஸ்டாண்டர்ட் ஆண்டுக்கு இரண்டு முறை சுழலும் என்று அறிவித்தது. கார்டு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, டெக்கைப் பழகுவதற்குள் அது செல்லாமல் போகிறது என்று அதிருப்தி வளர்ந்தது. 2016 அக்டோபரில் நிறுவனம் பின்வாங்கி, மறுபடியும் ஆண்டுக்கு ஒரு முறை என்றாக்கியது. 2023 மே மாதத்தில் இன்னும் ஒரு படி போய், கார்டுகளின் ஆயுளை இரண்டு ஆண்டிலிருந்து மூன்றாக நீட்டியது. மேசையில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஸ்டாண்டர்ட் ஆடுகிறவர்கள் குறைந்துகொண்டே போனதுதான் அதற்குக் காரணம். மூன்று ஆண்டு கிடைத்ததில் மகிழ்ந்தவர்களுக்கு வேறொரு சுமை வந்து சேர்ந்தது: 2025இல் மட்டும் ஆறு புதிய தொகுப்புகள். பழையது மெதுவாகப் போனாலும் புதியது வேகமாக வருகிறது. ஒன் பீஸ் கார்டு விளையாட்டும் கார்டுகளில் தொகுதி எண்ணை அச்சிட்டுச் சுழற்சிப் பாதையில் இறங்கிவிட்டது. எனவே மலாக்காவின் கடைகள் இந்தக் கேள்வியை விளையாட்டுக்கு விளையாட்டு எதிர்கொள்ளத்தான் போகின்றன.

2025 மார்ச் வரை அச்சான போகிமோன் கார்டுகள் 75 பில்லியனுக்கு மேல் என்று நிறுவனமே சொல்கிறது. அவற்றில் இன்று ஸ்டாண்டர்டில் செல்லுபடியாகக்கூடியது ஒரு பங்குதான். மிச்சம் உலகம் முழுவதும் பிஸ்கட் டின்களிலும் காலணிப் பெட்டிகளிலும் கிடக்கிறது.

அந்த மிச்சத்தை வைத்து ஆட வழி கண்டவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே. மேஜிக்கில் இன்று மிகப் பரவலாக ஆடப்படும் கமாண்டர் எந்த நிறுவன அறையிலும் பிறக்கவில்லை. அலாஸ்காவில் நண்பர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டம் அது. நூறு கார்டு டெக், அடிப்படை நிலக் கார்டுகளைத் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது, நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், சுழற்சி கிடையாது. வரவேற்பைப் பார்த்த நிறுவனம் 2011இல்தான் அதற்கென்று தயார் டெக்குகளை வெளியிட்டது. போகிமோனில் ஆண்ட்ரூ மஹோன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 2021இல் ஜிம் லீடர் சேலஞ்ச் என்ற பிரிவை உருவாக்கினார். அறுபது கார்டு, ஒரே வகைப் போகிமோன், அடிப்படைச் சக்தி கார்டுகளைத் தவிர எந்தக் கார்டும் ஒன்றே ஒன்று, வி, இஎக்ஸ் போன்ற விலை கூடிய பெருங்கார்டுகளுக்கு இடமில்லை. 2011இல் தொடங்கிய பிளாக் அண்டு வொயிட் காலம் முதல் வந்த கார்டுகளை ஆடலாம். அண்ணன் விட்டுச் சென்ற கட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை. நான்கு பிரதி தேட வேண்டாம் என்பதால் செலவும் சுருங்குகிறது.

உலகப் போட்டியில் சாதித்தவர்களின் டெக்குகளைப் போகிமோன் நிறுவனம் ஆண்டுதோறும் அப்படியே அச்சிட்டு விற்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. கார்டின் பின்பக்கம் வேறு மாதிரி இருப்பதால் போட்டியில் ஒருநாளும் செல்லாது. ஆனால் அறுபது கார்டும் தயாராக, உலகத் தரத்தில் இருக்கும். தாத்தா வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் ஆட இரண்டு பெட்டி போதும். எந்த ஏப்ரலும் அவற்றைத் தொடாது. சுழற்சிக்குப் பிறகு, சேகரிப்பாளர்கள் தேடாத பல நல்ல கார்டுகளின் விலை இறங்குவதும் வீட்டில் ஆடுகிறவருக்கு ஆதாயம். போட்டிக்காரர் கழித்துக் கட்டும் மாதமே வீட்டு ஆட்டக்காரர் வாங்க வேண்டிய மாதம்.

இவ்வளவு வழி இருந்தும் மலாக்காவின் பிள்ளைகளை இவை எட்டாமல் இருப்பதற்குக் காரணம், ஏற்பாடு செய்ய ஆள் இல்லாததுதான். நகரத்தில் உள்ள கடைகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையைப் பழைய கார்டுகளுக்கு என்று ஒதுக்கலாம். பரிசு வேண்டாம், தரப் புள்ளி வேண்டாம். மேசையும் நாற்காலியும் போதும். அன்று வருகிறவர் ஸ்லீவ் எனப்படும் கார்டு உறை வாங்குவார், குளிர்பானம் வாங்குவார், பிடித்துப்போனால் புதிய எழுத்திலும் டெக் கட்டுவார். தமிழ்ப்பள்ளிகளின் விடுமுறை முகாம்களும் ஆலய இளைஞர் பிரிவுகளும், பெரியவர்களிடம் தூங்கும் கார்டுகளைக் கேட்டு வாங்கிப் பொதுப் பெட்டி ஒன்று வைக்கலாம். 330 உயிர்ப்புள்ளியிலிருந்து 220 கழித்து, மீதத்தை அடுத்த அடிக்குள் எப்படி முடிப்பது என்று கணக்குப் போடும் பிள்ளைக்கு, அந்தக் கார்டின் எழுத்து எது என்பதைப் பற்றிக் கவலை இல்லை. கார்டில் உள்ள ஆங்கில வரிகளை வெல்வதற்காகவே படிப்பதும் அதே பிள்ளைதான்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கார்டுக்குள் சிறிதாக அச்சிடும் எழுத்தைப் பாக்கெட்டின் வெளியேயும் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். ஸ்டாண்டர்டில் எந்த ஆண்டு வரை உறுதியாகச் செல்லும் என்பதையும் அதன் அருகே சேர்த்தால், மைலோ டின்னில் தேதி பார்த்து வாங்கும் பெற்றோருக்கு இதுவும் புரியும். அதுவரை அந்தப் பொறுப்பை விற்பவர்களே ஏற்கலாம். பேரங்காடிகளில் விலை குறைத்துக் குவித்திருக்கும் டின்களில் சுழற்சியில் போன தொகுப்புகளும் கலந்திருக்கும். அவற்றை விற்பதில் தவறு இல்லை. வீட்டில் ஆட அவை நல்ல சரக்கு. 'வீட்டு ஆட்டத்துக்கு மட்டும்' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினால், வாங்குகிறவர் தெரிந்து வாங்குவார். தீபாவளிக்கு முந்தைய வாரம் பிள்ளைக்குக் கார்டு வாங்கப் போகும் அம்மாவும் அப்பாவும், பணத்தை நீட்டும் முன், இதில் என்ன எழுத்து, அடுத்த ஏப்ரலுக்குப் பிறகும் லீக்கில் ஆட முடியுமா என்று கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாத கடையாக இருந்தால், அன்றைக்கு ஸ்லீவும் அடிப்படைச் சக்தி கார்டும் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.