மாத்திரை மலிவு, முடிப்பது கடினம்: தில்லி வீடற்றோர் சிகிச்சையில் நீடிக்கும் இடைவெளி

புதுதில்லி: யமுனைக் கரையிலும் ஜாமா மசூதி சுற்றுவட்டாரத்திலும் இரவைக் கழிக்கும் வீடற்றோரைப் பீடிக்கும் தோல் தொற்றுகளுக்கு அரிய மருந்துகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆறாத கால் புண்ணுக்கும் சீழ் பிடித்த காயத்துக்கும் செஃபலெக்சின், குளோக்சசிலின், டாக்சிசைக்ளின் போன்ற மலிவான ஆன்டிபயாடிக் மாத்திரைகள் உள்ளன. சிக்கலற்ற தொற்று எனில் 5 நாள் சிகிச்சையே பல நேரங்களில் போதுமானது. அந்த 5 நாளை நடைபாதையில் நிறைவு செய்வதுதான் கடினம்.

குளோக்சசிலினை நாளொன்றுக்கு 4 முறை, வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலக் கூட்டு மருந்தையோ உணவுடன் உட்கொள்வதே நல்லது. அடுத்த வேளை உணவு எப்போது, எங்கே கிடைக்கும் என அறியாதவருக்கு இரண்டுமே எட்டாத நிபந்தனைகள். நாளுக்கு 2 வேளை போதும் என்பதால் டாக்சிசைக்ளின் பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் அதை நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும் என்பதால், பகலெல்லாம் ரிக்‌ஷா ஓட்டுபவருக்கு அதுவும் சுமையே. மாத்திரை அட்டை மழையில் நனைவதும், உறக்கத்தில் பையோடு களவு போவதும் தனிக்கதை.

சிரங்கில் நேரும் தவறு வேறு வகையானது. சொறிந்த இடத்தில் பிடிக்கும் சீழை ஆன்டிபயாடிக் ஆற்றும். நோய்க்குக் காரணமான சிற்றுண்ணியை அது கொல்லாது. பெர்மெத்ரின் களிம்போ ஐவர்மெக்டின் மாத்திரையோ கொடுத்து, உடன் உறங்குவோருக்கும் சிகிச்சை அளித்து, போர்வைகளையும் துவைக்காவிட்டால், அதே நபர் அதே புண்ணுடன் திரும்புவார். மீண்டும் ஓர் ஆன்டிபயாடிக் சீட்டு எழுதப்படும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர். ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கிருமிகள் பணிய மறுப்பது குறித்த எச்சரிக்கைகளில், மருந்தைப் பாதியில் நிறுத்தும் நோயாளியே பெரும்பாலும் பொறுப்பாளியாக்கப்படுகிறார். அவரது அன்றாடத்தைக் கேட்டறியாமல் எழுதப்படும் சீட்டுக்கும் அதில் பங்குண்டு.

காசநோய்க்கு நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை வழங்கிய நீண்ட அனுபவம் இந்தியாவுக்கு உண்டு. இரவுக் காப்பகங்களில் மாத்திரைகளைப் பூட்டி வைக்க ஓர் அலமாரியும், வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்க ஒருவரும் இருந்தால் 5 நாள் சிகிச்சையை முடிப்பது அரிதன்று. காப்பகத்துக்கு வெளியே உறங்குவோருக்கு அதுவும் பயன்படாது. அவர்கள் படுக்கும் இடத்துக்கே மருந்துடன் செல்லும் நடமாடும் மருத்துவக் குழுக்கள்தான் தேவை.