இறப்பர் பம்பர் வந்த கதை

ஒக்ஸ்போட்டுக்கு அருகே, அபிங்டன் தொழிற்சாலையில் 1962இல் பிறந்த எம்.ஜி.பி. ஸ்போட்ஸ் கார்மீது நமக்குத் தீராத மோகமுண்டு. அதன் 1798 கன சென்ரிமீற்றர் இயந்திரம், நம்மூரில் ஓடிய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காரின் இயந்திரத்துக்கு நெருங்கிய உறவு. ஆகவே எந்தச் சிறு கராஜிலும் திருத்தலாம். வலுவோ 95 குதிரைவலு!

அமெரிக்காவே அதன் பெருஞ்சந்தை; அச்சந்தையே அதன் அழகையும் குலைத்தது. அந்நாட்டு விதிகளுக்கிணங்க 1974இல் குரோம் பம்பர் நீங்கிக் கரிய இறப்பர் பம்பர் ஏறியது. காரின் உடலும் உயர்த்தப்பட்டதால் வளைவுகளில் அது சாய்ந்தாடியது. புகைக் கட்டுப்பாட்டினால் அமெரிக்க வண்டியின் வலு 70க்கும் கீழிறங்கியது.

எனினும் விதிகளை மட்டும் நாம் குறைகூறோம். புதிய வடிவமொன்றைப் படைக்காது பழையதற்கே ஒப்பனை செய்த பிரிட்டிஷ் லேலண்ட் நிர்வாகமே முதற்குற்றவாளி. 5 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தபின், 1980 ஒக்டோபரில் அபிங்டன் மூடப்பட்டது.