ஊர் அறிந்து உலகு காண்டல்

பெற்றோர் தம் மக்களுக்கு அளிக்கத்தக்க செல்வங்களுள் பயணமும் ஒன்று. ஏட்டில் படித்த மலையும் கடலும் கண்ணெதிரே தோன்றும்போது சிறுவர் உள்ளம் விரிவடைகின்றது. முன்னாளில் குடும்பத்தோடு காசிக்கும் இராமேசுவரத்திற்கும் சென்றனர். இந்நாளில் கடல் கடந்தும் செல்கின்றனர். பாய்மரக் கப்பல்கள் பருவக்காற்றை எதிர்பார்த்துப் பல திங்கள் கடந்த தொலைவை, வானூர்தி சில மணி நேரத்தில் கடந்துவிடுகின்றது. ஆயினும், தொலைவு குறைந்த அளவுக்கு அறிவு பெருகியதா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வானளாவிய மாளிகையின் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் பொம்மை வாங்கிக்கொண்டு திரும்பும் குழந்தை, கண்ணால் பலவற்றைக் கண்டும் கருத்தால் ஒன்றையும் காணாமலே வீடு சேர்கின்றது. பயணம் பயன் தரவேண்டுமாயின், அதன் முதற்பாடம் சொந்த ஊரிலேயே தொடங்குதல் வேண்டும்.

இவ்வுண்மைக்கு விருத்தாசலம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த இவ்வூர், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் உடையது. கோயிலால் பெற்ற புகழோடு பீங்கான் தொழிலால் பெற்ற புகழும் இதற்கு உண்டு. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண்ணை அகற்றும்போது களிமண்ணும் கிடைக்கின்றது. அக்களிமண் இத்தொழிலுக்குத் துணையாயிற்று. வீட்டில் ஏற்றும் அகல்விளக்கு, கொலுவில் வைக்கும் பொம்மை, மின்சாரப் பலகையில் பொருத்தும் பியூஸ் கட்டை ஆகியவை இங்கே உருப்பெறுகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனம் ஒன்றும் இவ்வூரில் உள்ளது.

எனினும், நாள்தோறும் சூளையைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவர் எத்தனை பேர் அதன் உள்ளே நிகழ்வதை அறிவர்? கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றுகின்றனர். அச்சு நீரை உறிஞ்சுகின்றது. மண் அதன் சுவரில் படிந்து உருவம் கொள்கின்றது. அதனை உலர்த்திச் சூளையிலிட்டுச் சுடுகின்றனர். பளபளப்பு வேண்டுமாயின் மெருகுப்பூச்சுக் கொடுக்கின்றனர். மண்ணில் இரும்புச்சத்து மிகுந்தால் சுட்டபின் செந்நிறம் தோன்றும். அது மிகக் குறைந்தால் வெண்மை நிற்கும். குயவர் வனைந்த பானை சிவந்திருப்பதும் பீங்கான் வெளுத்திருப்பதும் பெரும்பாலும் இதனாலேயே. இவ்வளவையும் நேரில் கண்டு அறிவதற்குக் கப்பலும் வேண்டா, வானூர்தியும் வேண்டா. அரைநாள் ஓய்வும், அறியும் ஆர்வமும் போதும்.

இங்ஙனம் தன் ஊரை அறிந்த குழந்தை, பெற்றோருடன் சீன நாட்டின் பெருநகராகிய சுவான்சௌவுக்குச் செல்வதாகக் கொள்க. பூஜியன் மாநிலத்தின் கடற்கரையிலுள்ள அந்நகரம், முற்காலத்தில் சைத்தூன் என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட துறைமுகம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பயணம் செய்த மார்க்கோ போலோ, அலெக்சாந்திரியாவுக்கு மிளகு ஏற்றிச் செல்லும் கப்பல் ஒன்றாயின், சைத்தூனுக்கு வரும் கப்பல் நூறு என்னும் கருத்துப்பட எழுதினார். அவரே தமிழகத்துக் காயல் துறைமுகத்தையும் வியந்து குறித்துள்ளார். 1974-ஆம் ஆண்டில் சுவான்சௌக் கடற்கரைச் சேற்றிலிருந்து பழைய மரக்கலம் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. அதனுள் நறுமண மரங்களோடு மிளகும் இருந்தது. அடுக்களையில் நாள்தோறும் காணும் மிளகை எழுநூறு ஆண்டுப் பழமையான கப்பலின் சரக்காக அறியும் குழந்தைக்கு, வரலாறு வெறும் ஆண்டுக் கணக்காகத் தோன்றுமோ?

அந்நகரில் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்துள்ளது. குப்ளாய்கான் ஆட்சிக் காலத்தில், 1281-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைக் கூறுகின்றது. கையுவான் என்னும் பௌத்தப் பெருங்கோயிலின் பின்புறத் தூண்களில் கண்ணன் மருதமரங்களை வீழ்த்திய காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அழிந்துபோன கோயிலின் தூண்களை மற்றொரு சமயத்தார் தம் கோயிலில் பேணிக் காத்தமை, அந்நகரம் சொல்லாமல் சொல்லும் பாடமாகும்.

சுவான்சௌவின் ஆட்சி எல்லைக்குள் தெஹுவா என்னும் ஊர் உள்ளது. அதுவும் விருத்தாசலத்தைப் போலப் பீங்கானால் வாழும் ஊர். இரும்புச்சத்து மிகக் குறைந்த அவ்வூர் மண்ணிலிருந்து பிறந்த வெண்பீங்கானை ஐரோப்பியர் 'சீனத்து வெண்மை' எனப் பாராட்டினர். அதன் பழைய சூளைகள், சுவான்சௌவின் பிற சின்னங்களோடு 2021-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. மண்ணின் இயல்பை ஊரில் அறிந்து வந்த குழந்தை, அங்கே வெறுமனே வியந்து நிற்காது. "இம்மண் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு சூட்டில் சுடுகிறீர்கள்?" என்று வினவும். வினவத் தெரிந்த குழந்தைக்கே ஊர் தன் வாயிலைத் திறக்கின்றது. திருமுதுகுன்றத்து ஆற்றில் இட்ட பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராண வரலாறு. ஆற்றில் ஒன்றும் இடாதவர் குளத்தில் தேடி என்ன பெறுவர்? சொந்த ஊரில் இட்டுவைத்த அறிவே அயலூரில் பொன்னாகக் கிடைக்கும்.

பெருநகரைக் கண்ட குழந்தைகளுக்கு இருவகைத் தீங்கு நேர்வதுண்டு. ஒன்று, அதன் ஒளியில் மயங்கித் தன் ஊரை இழிவாக எண்ணுதல். மற்றொன்று, அயலாரின் பெருமை அனைத்தும் தம் முன்னோர் கொடுத்ததே எனத் தருக்குதல். இரண்டும் அறியாமையே. சோழ மன்னரின் தூதுக்குழு 1015-ஆம் ஆண்டில் சீன அரசவையை அடைந்தது. விருத்தாசலத்திற்கு அண்மையிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்து அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. மிளகு அங்கே சென்றது. பீங்கான் இங்கே வந்தது. கொடுத்தலும் கொள்ளலும் ஒருங்கே நிகழ்ந்தமையால் இரு நாடும் வளம் பெற்றன. கொள்வதற்கு நாணியவரும், கொடுப்பதற்கு ஒன்றுமில்லை எனச் சோர்ந்தவரும் வாணிகத்தில் உயர்ந்ததில்லை.

இத்தகைய நெடும்பயணம் பொருளுடையார்க்கே இயலும் என்பர் சிலர். அது மெய்யே. ஆயினும், பயணத்தின் பயன் தொலைவில் இல்லை. காணும் முறையில் உள்ளது. கங்கைகொண்ட சோழபுரத்திற்கு ஒரு நாட்பயணம் சென்று திரும்பும் குழந்தையும், ஓர் ஓட்டுத்துண்டின் வழியே சீனத்தை எட்டிப் பார்க்கலாம். குழந்தைகள் காட்சிக்கூடங்களில் விரைவில் சலித்துவிடுவர் என்பர் வேறு சிலர். அதுவும் மெய்யே. ஒரே நாளில் பத்து இடங்களைக் காட்டினால் பெரியோரும் சலிப்பர். ஒரு நாளைக்கு ஓர் இடம் காட்டி, தொட இசைவுள்ள பொருளைத் தொடச் செய்து, கேட்ட வினாவுக்குப் பொறுமையோடு விடை கூறினால் சலிப்பு அணுகாது.

தன் ஊர்த் தொழிலை அறியாத பிள்ளை, அதனை இழிதொழில் எனக் கருதி விலகுவான். அங்ஙனம் பலர் விலகின் சூளைகள் அணையும். அவற்றோடு கைத்திறனும் அணையும். தெஹுவாவின் சூளைகள் பல நூற்றாண்டுகளாக அணையாமைக்கு மண்வளம் மட்டுமன்று, தலைமுறைதோறும் அத்தொழிலை மதித்துக் கற்ற மக்களும் காரணமாவர். ஆதலின், பிள்ளைகளைப் பெருநகருக்கு அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோர், முதலில் தம் ஊர்ச் சூளைக்கு அழைத்துச் செல்வாராக. ஊரை அறிந்த கண்ணே உலகையும் காணும். உலகைக் கண்டபின் ஊரை உயர்த்தவும் முனையும்.